பன்றிக்கறி ஃபில்லெட்டுக்கு எது சேரும்? புளிப்பிலிருந்து பானம் வரை, வரிசையாக

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் கூடிச் சமைப்போம். பன்றிக்கறிக் குழம்பும் மிளகு வறுவலும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியவர்கள்கூட ஃபில்லெட்டை, அதாவது முதுகெலும்பின் உட்புறத்து மிருதுவான நீளத் துண்டை, கையில் எடுத்ததும் தடுமாறுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். குழம்புக்கறிக்குப் பழகிய கை அதே வழக்கத்தை இதற்கும் கொண்டுவந்துவிடுகிறது.

குழம்புக்கறியில் கொழுப்பு இருக்கும். நெடுநேரம் வேகும். எவ்வளவு மசாலா போட்டாலும் தாங்கும். ஃபில்லெட் அப்படி இல்லை. கொழுப்பு மிகக் குறைவு, அரைமணிக்குள் வெந்துவிடும், சொந்தச் சுவையும் மெல்லியது. அதனால் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் பாதிச் சமையல் இருக்கிறது.

நான் பின்பற்றும் வரிசை: முதலில் புளிப்பு, பிறகு கொழுப்பு, அதன் பிறகு மசாலா, எல்லாம் முடிவான பிறகு பானம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாட்டிலை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு ஏற்றபடி சமைக்கப் பார்க்கிறார்கள். கீழே உள்ள அளவுகள் 2 ஃபில்லெட்டுக்கு, அதாவது நான்கு பேருக்கு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கனமான அடியுள்ள வாணலி ஒன்று, கிராம் காட்டும் சிறு தராசு, கறிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி. மூன்றாவதை வாங்கத் தயங்காதீர்கள். ஃபில்லெட் பதமாக இருப்பதற்கும் காய்ந்து போவதற்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கிறது. விரலால் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் வருவதற்குள் பத்துப் பன்னிரண்டு ஃபில்லெட் வீணாகிவிடும்.

அடுப்பு என்றால் கேஸ் போதும். அவன் (oven) இருந்தால் வசதி, இல்லாவிட்டால் குறையில்லை.

2. கடையில் கேட்கும் விதம்

"ஃபில்லெட் குடுங்க" என்று மட்டும் கேட்டால் பல கடைகளில் எலும்பில்லாத தொடைக்கறியை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை. மீனிலும் கோழியிலும் ஃபில்லெட் என்றால் எலும்பு எடுத்த துண்டு என்றே பழகியிருக்கிறது. நாம் தேடுவது முதுகெலும்பின் உட்புறம் ஒட்டியிருக்கும் நீளமான தசை. ஒரு பன்றிக்கு இரண்டுதான் உண்டு. அதிகம் வேலை செய்யாத தசை என்பதால்தான் அவ்வளவு மிருதுவாக இருக்கிறது.

கம்மனஹள்ளி, குக் டவுன் பக்கத்துக் கடைகளில் நான் கேட்பது இப்படி: "அண்ணா, அண்டர்கட் ரெண்டு வேணும். முழுசா குடுங்க, துண்டு போடாதீங்க." அண்டர்கட் என்ற சொல் கறிக்கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமையே சொல்லி வைப்பது நல்லது. ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போனால் பெரும்பாலும் குழம்புக்கறியோடு சேர்த்து வெட்டிப் போட்டிருப்பார்கள்.

ஒன்று 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். ஒரு முனை தடிமனாகவும் மறுமுனை எலி வாலைப் போலக் குறுகியும் இருந்தால் சரியான துண்டு. நிறம் இளஞ்சிவப்பு. வெளிறிப்போய், பையில் தண்ணீர் தேங்கி நின்றால் வாங்க வேண்டாம். அது வாணலியில் வறுபடாது, தண்ணீர் விட்டு வேகும்.

3. சவ்வு, உப்பு

தடித்த முனையிலிருந்து பாதி நீளம் வரை வெள்ளியைப் போல மினுங்கும் சவ்வு ஒட்டியிருக்கும். கத்தி நுனியை அதன் அடியில் விட்டு, மேல்நோக்கிச் சாய்த்து இழுத்தால் நாடாவாக வந்துவிடும். விட்டுவைத்தால் சூட்டில் சுருங்கிக் கறியை வில்லாக வளைத்துவிடும், மெல்லவும் முடியாது. குழம்பில் கரையும் சவ்வு வேறு வகை. இது எவ்வளவு வெந்தாலும் கரையாது.

உப்பு, கறியின் எடையில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு. 400 கிராம் ஃபில்லெட்டுக்கு 5 கிராம். சமைப்பதற்கு குறைந்தது 1 மணி நேரம் முன்பு தடவி, ஃபிரிட்ஜில் மூடாமல் வையுங்கள். முந்தைய இரவே தடவினால் இன்னும் நல்லது. உப்பு உள்ளே இறங்கிய கறி சூட்டில் தன் நீரைக் குறைவாக இழக்கும். மேல்தோலும் காய்ந்து, வாணலியில் நன்றாக நிறம் பிடிக்கும்.

இந்த இடத்தில் உப்பு மட்டும்தான். தயிர், இஞ்சி, பப்பாளிக்காய் எதுவும் வேண்டாம். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

4. புளிப்பைத் தேர்ந்தெடுங்கள்

புளிப்பை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாஸின் குணத்தையும், பக்கத்துக் காயையும், கடைசியில் பானத்தையும் முடிவு செய்வது அதுதான். பன்றிக்கறிக்கு இயல்பிலேயே லேசான இனிப்பு உண்டு. புளிப்பு பட்டால்தான் அந்த இனிப்பு நாக்கில் தெரியும். குடகில் பந்திக் கறிக்குக் கச்சம்புளி, கோவாவில் விந்தாலுவுக்கு வினிகர், ஐரோப்பாவில் ஆப்பிள் என்று எந்த ஊரை எடுத்தாலும் பன்றிக்கறிக்குப் பக்கத்தில் ஒரு புளிப்பு இருப்பது இதனால்தான்.

பெங்களூரில் எளிதாகக் கிடைக்கும் புளிப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கச்சம்புளி. குடம்புளி இனப் பழத்தின் சாற்றைக் கருப்பாகும்வரை காய்ச்சிக் குறுக்கியது. குடகுப் பொருட்கள் விற்கும் கடைகளில் சிறு பாட்டிலில் கிடைக்கும். மிகவும் காட்டமானது. 2 ஃபில்லெட்டுக்கு அரை டீஸ்பூனில் தொடங்குங்கள். கறிக்குழம்புக்கு ஊற்றும் அளவை இதற்கும் ஊற்றிவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. குழம்பில் கொழுப்பும் நிறையக் கறியும் அதைத் தாங்கும், இங்கே தாங்க எதுவுமில்லை.

ஆப்பிள். நம் சந்தையில் வரும் சிவப்பு ஆப்பிள்களில் இனிப்புதான் தூக்கல், புளிப்பு கம்மி. அதை மட்டும் நம்பிச் சாஸ் செய்தால் ஜாம் மாதிரி ஆகிவிடும். பச்சை ஆப்பிள் கிடைத்தால் அதுவே போதும். சிவப்பு என்றால் அரை எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள்.

பெங்களூர் புளூ திராட்சை. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சிக்கபள்ளாபூர், பெங்களூர் ஊரகப் பக்கம் விளைந்து, புவிசார் குறியீடு பெற்ற கருப்புத் திராட்சை. தோல் தடிப்பு, கொட்டை உண்டு, மணம் அள்ளும். சும்மா சாப்பிட இதை ஒதுக்குபவர்கள் உண்டு. ஆனால் 10 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால், புளிப்பும் இனிப்பும் தோலின் லேசான துவர்ப்பும் சேர்ந்த சாறு கிடைக்கும். பன்றிக்கறியோடு அவ்வளவு அழகாகச் சேரும். ஊரிலிருந்து வருபவர்கள் கம்பம் பன்னீர் திராட்சை கொண்டுவந்தால் அதிலும் இதேபோலச் செய்யலாம், இனிப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும்.

மாங்காய். தேங்காய்ப்பால் சாஸுக்கு மட்டும். மற்றவற்றில் பச்சை வாடை தூக்கி நிற்கும்.

வினிகர். பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். சிந்தடிக் வினிகர் என்று எழுதியிருந்தால் அதில் புளிப்பு மட்டும் இருக்கும், மணம் இருக்காது. ஆப்பிள் சைடர் வினிகரோ, தென்னங்கள் வினிகரோ வாங்குங்கள். இரண்டும் மங்களூர், கோவாப் பொருட்கள் வைத்திருக்கும் கடைகளில் கிடைக்கும்.

புளி. வீட்டில் எப்போதும் இருப்பது, கைக்குப் பழகியது. ஆனால் ஃபில்லெட்டின் மெல்லிய சுவையை முழுதாக மூடிவிடும். வெல்லத்தோடு பாகாகக் காய்ச்சி மேலே பூசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு எச்சரிக்கை. அன்னாசி, பப்பாளிக்காய், இஞ்சி மூன்றிலும் புரதத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. முரட்டுக் கறிக்கு அவை உதவும். ஏற்கெனவே மிருதுவான ஃபில்லெட்டில் இரவு முழுக்க ஊறவிட்டால் மேல்பகுதி களிபோல ஆகிவிடும். எங்கள் ஞாயிற்றுக் கூட்டத்தில் சேர்ந்த புதிதில் ஒரு தம்பி, கறி மிருதுவாகட்டும் என்று நல்லெண்ணத்தில் அன்னாசிச் சாற்றில் முதல் நாளே ஊறவைத்துக் கொண்டுவந்தார். வாணலியில் போட்டதும் வெளிப்புறம் மாவாக உதிர்ந்தது. அன்னாசி வேண்டுமென்றால் துண்டுகளை முதலில் நன்றாக வதக்குங்கள். சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். பிறகு சாஸில் சேர்க்கலாம்.

5. கொழுப்பை வெளியிலிருந்து கொடுங்கள்

ஃபில்லெட்டில் இல்லாததை நாம்தான் சேர்க்க வேண்டும். கொழுப்பு இல்லாவிட்டால் புளிப்பு நாக்கில் கூராகக் குத்தும், மசாலாவின் மணமும் பரவாது.

எளிய வழி வெண்ணெய். சாஸ் தயாரானதும் அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளைப் போட்டு வாணலியைச் சுழற்றுங்கள். கொதிக்கும்போது போட்டால் எண்ணெயாகப் பிரிந்து மிதக்கும். கடையில் கிடைக்கும் டேபிள் பட்டர் உப்பு போட்டது. அதைப் பயன்படுத்தினால் சாஸில் தனியாக உப்பு வேண்டாம். கறியில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது என்பதை மறந்துவிட்டு மூன்று இடத்திலும் உப்பு போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேங்காய்ப்பால் என்றால் முதல் பால், கடைசியில். கொதிக்கும் புளிப்பில் ஊற்றினால் திரிந்துவிடும். பேக்கனை, அதாவது உப்பிட்டுப் புகைபோட்ட பன்றிக்கறித் துண்டை, சுற்றி வறுப்பது அழகாக இருக்கும். ஆனால் பேக்கனில் உப்பும் புகை மணமும் பலமாக இருப்பதால் அன்றைக்கு ஃபில்லெட்டுக்கு உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

6. மசாலாவும் இலையும்

இரண்டு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் கறியின் சுவை தெரியாது. கரம் மசாலாத் தூளை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். கிராம்பும் பட்டையும் பெரிய ஏலமும் மணிக்கணக்கில் வேகும் குழம்புக்கு உரியவை.

பன்றிக்கறியோடு நன்றாகச் சேர்பவை சோம்பு, மிளகு, தனியா, அன்னாசிப்பூ, கடுகு. சோம்பும் அன்னாசிப்பூவும் ஒரே வகை மணம், அதனால் இரண்டில் ஒன்று போதும். ஆப்பிளுக்குச் சோம்பு. திராட்சைக்கு அன்னாசிப்பூ, அதுவும் ஒரே ஒரு பூ. கச்சம்புளிக்கு மிளகு. நிறம் வேண்டும், காரம் வேண்டாம் என்றால் பேடகி மிளகாயை ஊறவைத்து அரைத்துச் சேருங்கள்.

மிளகைக் கறி மேல் தடவிவிட்டு வாணலியில் போடாதீர்கள். பெரும் சூட்டில் கருகிக் கசக்கும். கறி நிறம் பிடித்த பிறகு கொரகொரப்பாக இடித்த மிளகைத் தூவினால் மணம் அப்படியே நிற்கும். பூண்டுக்கும் இதே விதிதான்.

மேல்நாட்டுச் சமையல் குறிப்புகளில் ஸேஜ் இலை கேட்பார்கள். எல்லா நாளும் கிடைக்காது. அதற்காக உலர்ந்த இலைத்தூளைத் தேடி அலைய வேண்டாம். வெண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்த கறிவேப்பிலை அந்த இடத்தை மிக நன்றாக நிரப்புகிறது. மணம் வேறு, ஆனால் செய்யும் வேலை ஒன்று. ரோஸ்மேரி கிடைத்தால் ஒரு சிறு கிளை போதும், கூடினால் மருந்து வாடை வரும்.

7. தட்டில் பக்கத்தில் வைப்பது

மசித்த உருளைக்கிழங்கு எல்லாச் சாஸுக்கும் பொருந்தும். தேங்காய்ப்பால் சாஸுக்கு ஆப்பமோ இடியாப்பமோ. கச்சம்புளிக்குக் குடகுக்காரர்களின் கடம்புட்டு, அல்லது நம் வீட்டுப் பிடிகொழுக்கட்டை. மார்கழி, தை மாதங்களில் பெங்களூர் முழுக்க அவரைக்காய் குவிந்து கிடக்கும். தோல் நீக்கிய பருப்பை வேகவைத்து வெண்ணெயும் சோம்பும் சேர்த்துப் புரட்டினால் அதற்கு ஈடே இல்லை.

பச்சை வெங்காயம் வேண்டாம். அதன் காரம் நாக்கில் நின்று பானத்தைக் கெடுக்கும்.

8. சமைப்பது

கறியைச் சமைப்பதற்கு 20 நிமிடம் முன்பு வெளியே எடுத்து, துணியாலோ டிஷ்யூவாலோ ஒற்றி ஈரத்தை எடுங்கள். வால் முனையை உள்ளே மடித்து நூலால் கட்டினால் தடிமன் சமமாகும். இல்லையென்றால் நடுப்பகுதி வேகும் முன்பே வால் காய்ந்துவிடும்.

வாணலி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு பக்கமும் 2 நிமிடம் வறுத்து நிறம் ஏற்றுங்கள். பிறகு அவனில் 200 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம். அவன் இல்லையென்றால் தீயைக் குறைத்து, மூடி போட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிவிட்டு 8 முதல் 10 நிமிடம்.

எவ்வளவு சூடு? அமெரிக்க வேளாண்துறையின் அளவு, முழுத் துண்டு பன்றிக்கறிக்கு 63 டிகிரியும் அதன் பிறகு 3 நிமிட ஓய்வும். நான் வீட்டில் 70க்குக் கொண்டுபோகிறேன். சரியாக வேகாத பன்றிக்கறியால் நாடாப்புழு வரும் ஆபத்து நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. கறி எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று தெரியாதபோது துணிச்சல் காட்டத் தேவையில்லை. 67 டிகிரியில் இறக்கி, தட்டில் வைத்து லேசாக மூடி 8 நிமிடம் விடுங்கள். உள்சூடு தானாகவே இன்னும் சில டிகிரி ஏறும். வெட்டும் முன் இன்னொரு முறை குத்திப் பாருங்கள், 70 காட்டவில்லை என்றால் வாணலியில் ஒரு நிமிடம் புரட்டினால் போதும். முந்தைய இரவே உப்பு தடவிய கறி 70லும் ஈரமாகவே இருக்கும். 80ஐத் தொட்டால் எந்தச் சாஸாலும் காப்பாற்ற முடியாது.

பச்சைக்கறி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் வெந்த கறியை வெட்டக்கூடாது. இது சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்போம், அவசரத்தில் எல்லோரும் மறக்கிற விஷயம்.

கறி ஓய்வெடுக்கும் நேரத்தில் அதே வாணலியில் சாஸ். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பு நிறப் படிவைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள், சுவை முழுக்க அங்கேதான் இருக்கிறது. சின்ன வெங்காயம் வதக்கி, 150 மில்லி தண்ணீரோ எலும்பு வேகவைத்த சாறோ ஊற்றிச் சுரண்டி, பாதியாக வற்றவிடுங்கள். பிறகு புளிப்பு, கடைசியாக வெண்ணெய். கறி விட்ட சாறு தட்டில் தேங்கியிருக்கும், வெண்ணெய் போடும் முன் அதையும் இதில் ஊற்றிவிட்டு ஒரு கொதி விடுங்கள்.

9. பானம்: சாஸை நக்கிப் பார்த்த பிறகு

பானம் பொருந்த வேண்டியது கறியோடு மட்டும் இல்லை, சாஸோடும். ஒரே ஃபில்லெட் ஆப்பிள் சாஸோடு ஒரு பானத்தைக் கேட்கும், மிளகோடு வேறொன்றைக் கேட்கும். அதனால் ஒரு ஸ்பூன் சாஸை வாயில் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்.

எவ்வளவு புளிக்கிறது? பானத்தின் புளிப்பு சாஸின் புளிப்புக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். குறைந்தால் பானம் தண்ணீராகத் தோன்றும்.

எவ்வளவு இனிக்கிறது? இனிப்பிலும் அதே கணக்கு. இனிப்பான சாஸோடு இனிப்பே இல்லாத ஒயினைக் குடித்தால் ஒயின் புளித்துப்போன மாதிரி இருக்கும்.

காரம் உண்டா? காரத்தோடு ஆல்கஹால் சேர்ந்தால் எரிச்சல் கூடும். கசப்பும் துவர்ப்பும் அதை இன்னும் தூக்கும். காரமான தட்டுக்கு ஆல்கஹால் குறைந்த, குளிர்ந்த, லேசாக இனிக்கும் பானம் வேண்டும்.

ஃபில்லெட்டுக்கே உரிய நாலாவது விஷயம் ஒன்று உண்டு. அடர்ந்த சிவப்பு ஒயினின் துவர்ப்பு, கறியின் கொழுப்போடும் புரதத்தோடும் சேர்ந்துதான் தணியும். கொழுப்பில்லாத இந்தத் துண்டோடு குடித்தால் வாய் வறண்டு கறியும் காய்ந்ததுபோல் தெரியும். "கறி என்றால் சிவப்பு ஒயின்" என்று கேள்விப்பட்டு, கேபர்னே ஷிராஸ் வாங்கிவருவதுதான் முதல்முறை செய்பவர்கள் எல்லோரும் செய்வது. பேக்கன் சுற்றியதோ, காளானும் கிரீமும் சேர்ந்ததோ என்றால் அது சேரும். மற்றதற்கு இல்லை.

*ஒயின்.* ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் தொடங்குங்கள். நாசிக்கிலும் நந்தி மலைப் பக்கமும் செய்கிறார்கள், பெரிய செலவில்லை. பழ மணமும் புளிப்பும் உண்டு, பலவற்றில் லேசான இனிப்பும் இருக்கும். ஆப்பிள், கடுகு, தேங்காய்ப்பால் மூன்றுக்கும் பொருந்தும். மாங்காயும் பச்சிலையும் இருந்தால் சாவின்யோன் பிளாங்க். மிளகுக்கு ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின். திராட்சைச் சாஸுக்குப் பீனோ நுவார் போன்ற மெல்லிய சிவப்பு.

வெள்ளை ஒயினை ஃபிரிட்ஜில் 2 மணி நேரம் வைத்து, பரிமாறும்போது 8 முதல் 10 டிகிரியில் இருக்கும்படி எடுங்கள். சிவப்பை அறைச் சூட்டில் குடிக்கலாம் என்பது குளிர்நாட்டு அறைகளுக்குச் சொன்னது. ஏப்ரல் மாத பெங்களூர் வீட்டுக்கு அது பொருந்தாது. மெல்லிய சிவப்பையும் அரைமணி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ஒயின் போடும் குடும்பங்கள் நம் தமிழ்க் கத்தோலிக்கர்களில் நிறைய உண்டு. அது நல்ல இனிப்பு. குவளையில் ஊற்றுவதைவிட 100 மில்லி சாஸில் ஊற்றிப் பாதியாக வற்றவைத்தால் அதன் பெருமை தெரியும்.

*பீர்.* இந்த ஊரில் பீர் காய்ச்சும் பப்கள் அதிகம் என்பதால் நமக்கு நல்ல வாய்ப்பு. கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணம் வரும், ஆப்பிளுக்கும் கடுகுக்கும் அருமை. பெல்ஜிய விட் வகையில் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பார்கள். நம் கறியிலும் தனியா இருந்தால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். காரத்துக்கு லாகர் என்ற சாதாரண லேசான பீர். ஐபிஏ வகை பீர் கசப்பு மிகுந்தது, மிளகாயோடு வேண்டவே வேண்டாம். புளி வெல்லப் பாகு பூசிய ஃபில்லெட்டுக்குக் கருநிற பீர் நன்றாகச் சேரும்.

*மது இல்லாதவை.* இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். நம் வீடுகளில் ஒரே மேசையில் குடிப்பவரும் குடிக்காதவரும் பிள்ளைகளும் உட்காருகிறோம். ஒருவருக்குப் பார்த்துப் பார்த்து ஒயின் ஊற்றிவிட்டு, அம்மாவுக்கும் தங்கைக்கும் பெரிய பாட்டில் கோலாவைத் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் தட்டிலும் அதே கறிதான் இருக்கிறது.

ஆப்பிள் சாறும் சோடாவும் சம அளவு, கூட அரை எலுமிச்சை. சாறு மட்டும் என்றால் இனிப்பு கறியை அமுக்கிவிடும். கச்சம்புளி மிளகுக்குப் பானகம்: வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை. வெல்லத்தின் இனிப்பு மிளகுக் காரத்தைத் தணிக்கும், சுக்கு மிளகோடு ஒத்துப்போகும். மிளகாய்க் காரம் என்றால் நீர் மோர். பாலின் புரதம் காரப் பொருளைப் பற்றிக்கொண்டு நாக்கிலிருந்து இறக்கும். ஆனால் பெருங்காயமும் பச்சை மிளகாயும் அதில் வேண்டாம். திராட்சைச் சாஸுக்குக் கோகம் என்ற புளிப்புப் பழத்தின் சர்பத், சோடா கலந்து. நன்னாரி சர்பத் வீட்டில் இருந்தால் பாதி அளவு சிரப், இரண்டு மடங்கு எலுமிச்சை. பாட்டிலில் எழுதியிருக்கும் அளவுக்குக் கலந்தால் இனிப்பு தாங்காது.

10. மூன்று முழுச் சேர்க்கைகள்

*ஆப்பிள், கடுகு, சோம்பு.* முதல்முறை செய்பவர்கள் இதிலேயே தொடங்குங்கள், தவறினாலும் சரிசெய்ய இடம் இருக்கும். 2 ஆப்பிள், 6 சின்ன வெங்காயம், இடித்த சோம்பு 1 டீஸ்பூன், கடுகு பேஸ்ட் 1 டேபிள்ஸ்பூன், வெண்ணெய் 20 கிராம், எலுமிச்சை அரை. கடுகு பேஸ்டை அடுப்பை அணைத்த பிறகு கலக்குங்கள், கொதித்தால் நெடி போய்விடும். பானம்: ஷெனின் பிளாங்க், கோதுமை பீர், ஆப்பிள் சோடா.

*கச்சம்புளி, மிளகு, கறிவேப்பிலை.* வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் கறியை வறுங்கள். இடித்த மிளகு 2 டீஸ்பூன், வறுத்து இடித்த தனியா 1 டீஸ்பூன், கச்சம்புளி அரை டீஸ்பூன், தண்ணீர் 100 மில்லி, கடைசியில் வெண்ணெய் 10 கிராம் மட்டும். சாஸ் கெட்டியாக இருக்காது, கறியை நனைக்கும் அளவுக்கே இருக்கும், அதுதான் பதம். பானம்: ரோஸே, லாகர், பானகம். தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு நான் செய்வது எப்போதும் இதுதான். வாய்க்குப் பழகிய மணத்தில் புதிய துண்டை முதலில் ருசிக்கட்டும் என்று நினைப்பேன்.

*பெங்களூர் புளூ திராட்சை, அன்னாசிப்பூ.* 250 கிராம் திராட்சையை ஒரு கை தண்ணீரோடு 10 நிமிடம் வேகவைத்து, கரண்டியால் நசுக்கி வடிகட்டுங்கள். மிக்சியில் அரைத்தால் கொட்டை உடைந்து கசக்கும். வறுத்த வாணலியில் சாற்றை ஊற்றி, ஒரு அன்னாசிப்பூ போட்டு, பாதியாக வற்றியதும் பூவை எடுத்துவிடுங்கள். வினிகர் 1 டீஸ்பூன், தேவையானால் சிறிது வெல்லம், வெண்ணெய் 20 கிராம். பானம்: குளிர்ந்த மெல்லிய சிவப்பு, அல்லது கோகம் சோடா.

11. இரவு 8 மணிக்குச் சாப்பாடு என்றால்

முந்தைய இரவு சவ்வு எடுத்து உப்பு தடவி ஃபிரிட்ஜில். அன்று மாலை 5 மணிக்குப் பானகம் கரைத்துவைக்கலாம், ஊற ஊற நல்லது. சோடா கலக்கும் எதையும் இப்போது தொடாதீர்கள். 6 மணிக்கு வெள்ளை ஒயின் ஃபிரிட்ஜுக்குள். 6.30க்குத் திராட்சைச் சாறு, உருளைக்கிழங்கு போன்ற முன்வேலைகள். 7 மணிக்குக் கறி வெளியே. 7.20க்கு வாணலி அடுப்பில், சிவப்பு ஒயின் இருந்தால் அது ஃபிரிட்ஜில். 7.40க்குக் கறி தட்டில் ஓய்வில், சாஸ் வாணலியில். 7.50க்குச் சாஸை ருசி பார்த்து, புளிப்பையும் உப்பையும் சரிசெய்து, எந்தப் பானம் என்று முடிவு. அதற்குப் பிறகுதான் பாட்டிலைத் திறப்பதும் சோடா ஊற்றுவதும்.

நாருக்குக் குறுக்காக, விரல் தடிமனில் வெட்டுங்கள். சாஸைத் தட்டில் முதலில் ஊற்றி, அதன் மேல் கறித்துண்டுகளை வையுங்கள், வறுபட்ட மேல்தோல் நனையாது.

மீந்தால் சூடு பண்ண வேண்டாம், கட்டாயம் காய்ந்துவிடும். மறுநாள் குளிர்ந்தபடியே தாள் போல மெல்லியதாக வெட்டி, மீதிச் சாஸைத் தடவிய பன்னுக்குள் வைத்துக் கொடுங்கள். கூடவே ஒரு டம்ளர் மோர்.